ஃபர்னஸ் போட்டால் வரும் தாத்தா

மிஷிகனில் அக்டோபர் கடைசி வாரம் ரெண்டுங்கெட்டான் பருவம். பகலில் ஸ்வெட்டர் போதும், ராத்திரி பல் கிட்டும். டெட்ராய்ட்டுக்கு மேற்கே, நோவை பக்கம் நாங்கள் வாங்கிய வீட்டுக்குக் குடிவந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தெர்மோஸ்டாட்டை 68 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குத் தள்ளினேன். பேஸ்மென்ட்டில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். கேஸ் பற்றிக்கொள்ளும் 'வுப்'. அரை நிமிடம் கழித்து, காற்றை ஊதித் தள்ளும் ப்ளோயர் சுழலத் தொடங்கியது. ஜன்னலுக்குக் கீழே தரையில் இருக்கும் கிரில்கள் வழியாக வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. கூடவே ஒரு ஆளும் வந்தார்.

அப்படித்தான் சொல்ல வேண்டும். ஹாலில் யாரோ உட்கார்ந்து சிகரெட்டை இப்போதுதான் ஆஷ்ட்ரேயில் நசுக்கிவிட்டு எழுந்து போன மாதிரி இருந்தது. புதுப் புகையின் வாசனை அல்ல. பழைய புகை, ஊறி, புளித்து, தூசியோடு சேர்ந்து சமைக்கப்பட்ட புகை. என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு சிகரெட் பிடிக்கிறது?" என்றாள். எங்கள் வீட்டில் நாங்கள் இருவரும் ஆறு வயதுப் பையனும்தான். ஒரு வாரத்தில் பையன் அதற்குப் பேர் வைத்துவிட்டான். ஃபர்னஸ் ஓட ஆரம்பித்ததும், "அப்பா, தாத்தா வந்துட்டார்" என்பான்.

வாங்கும்போது மூக்கு எங்கே போயிருந்தது என்று கேட்காதவர்களே இல்லை. நாங்கள் பார்க்கப் போன இரண்டு முறையும் செப்டம்பர். எல்லா ஜன்னலும் திறந்திருந்தது, சுவரெல்லாம் புதுப் பெயிண்ட், அடுப்படி மேடையில் இலவங்கப்பட்டை மெழுகுவர்த்தி. "வீட்டை எவ்வளவு நன்றாக வைத்திருக்கிறார்கள்" என்று மெச்சிக்கொண்டு வந்தோம். இப்போது யாராவது வீடு பார்க்கப் போகிறார்கள் என்றால் நான் சொல்வது ஒன்றுதான். ஜன்னலையெல்லாம் சாத்தச் சொல்லுங்கள். ஃபர்னஸைப் போடச் சொல்லுங்கள், பத்து நிமிடம் கழித்து ஏசியையும் போடச் சொல்லுங்கள். வெளியே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே வந்து, முதல் மூச்சை மட்டும் நம்புங்கள். இரண்டாவது மூச்சுக்குள் மூக்கு சமாதானம் ஆகிவிடும்.

எங்கள் மூக்கும் ஆகித்தான் போனது. டிசம்பர் வாக்கில் எங்களுக்கு வாசனை தெரியவில்லை, சரியாகிவிட்டது என்றே நினைத்தோம். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில், கோட் மாட்டுகிற இடத்தில், பையனின் ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னிடம் ரொம்பத் தயங்கிக் கேட்டார்: "தப்பா எடுத்துக்காதீங்க, வீட்ல யாராவது ஸ்மோக் பண்ணுவாங்களா?" வாழ்க்கையில் ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை நான். அன்று காரில் திரும்பி வரும்போது யாரும் பேசவில்லை.

அந்த ராத்திரிதான் படிக்க உட்கார்ந்தேன்.

நான் பிறந்தது திருநெல்வேலி பக்கம். பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு பீடி குடிப்பார். அந்த வீட்டில் பீடி நாற்றம் நின்றதாக எனக்கு ஞாபகமே இல்லை. ஓட்டுக்கூரை, முற்றம், எந்நேரமும் திறந்த கதவு. புகை வந்த வழியே போய்விடும். இங்கே கதையே வேறு. இந்த ஊர் வீடுகளில் பெரும்பாலானவற்றில் ஃபர்னஸும் ஏசியும் ஒரே குழாய் வலையைத்தான் பயன்படுத்துகின்றன. அவை வெளிக்காற்றை இழுப்பதில்லை. அறைகளில் இருக்கும் காற்றையே ரிட்டர்ன் கிரில் வழியாக உறிஞ்சி, ஃபில்டரில் விட்டு, சூடாக்கியோ குளிர்வித்தோ மறுபடி அறைகளுக்கே அனுப்புகின்றன. வருஷத்தில் ஆறு மாசம் ஜன்னல் சாத்தியே கிடக்கும் ஊரில், ஒருவர் நடு ஹாலில் உட்கார்ந்து முப்பது வருஷம் புகைத்தால், அந்தப் புகை ஃபர்னஸின் வயிற்றுக்குள் எத்தனை லட்சம் முறை போய் வந்திருக்கும்!

சுவரிலும் துணியிலும் தூசியிலும் ஒட்டிக்கொண்டு மிஞ்சும் இந்தப் புகைக்கு 'மூன்றாம் கைப் புகை' என்று பெயர். 2009-இல் குழந்தை மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வந்த கட்டுரைக்குப் பிறகுதான் இந்தச் சொல் பரவியது. நிக்கோடின் பறந்து போய்விடுகிற பேர்வழி இல்லை. படியும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும், மறுபடி வேறு இடத்தில் படியும். 2010-இல் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் கண்டுபிடித்தது எனக்கு வயிற்றைக் கலக்கியது: படிந்த நிக்கோடின், காற்றில் உள்ள நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நைட்ரோசமைன்களாக மாறுகிறது. அந்த அமிலம் எங்கிருந்து வருகிறது? கேஸ் அடுப்பிலிருந்தும் வரும். எங்கள் வீட்டில் தினமும் தோசை வேகிற அதே அடுப்பு.

சான் டியேகோவில் செய்த ஓர் ஆய்வு 2011-இல் வந்தது. புகைத்தவர்கள் காலி செய்து போன வீடுகளில் புகைக்காதவர்கள் குடிவந்தபோது என்ன ஆனது என்று பார்த்திருக்கிறார்கள். இரண்டு மாசம் பூட்டிக் கிடந்து, கழுவி, பெயிண்ட் அடித்த வீடுகளிலும் எச்சம் இருந்தது. குடிவந்தவர்களின் விரல்களில்கூட நிக்கோடின் இருந்தது. நான் உட்கார்ந்து என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று எங்கள் விஷயத்துக்கு ரொம்ப நெருக்கம். ஃபிலடெல்ஃபியாவின் ட்ரெக்ஸெல் பல்கலைக்கழகத்தில், யாரும் புகைக்காத ஒரு காலி வகுப்பறையின் காற்றைச் சோதித்தார்கள். 2018-இல் முடிவு வெளியானது. அந்த அறையில் மிதந்த நுண்துகள்களின் எடையில் 29 சதவீதம் மூன்றாம் கைப் புகையின் சமாச்சாரம். புகை வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது, கட்டடத்தின் காற்றோட்டக் குழாய்கள் அதைப் பங்கு வைத்திருக்கின்றன. துகள்களில் ஈரப்பசை இருக்கும்போது அது இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்கிறதாம். இந்த ஈர விஷயத்தை அன்று படித்துவிட்டு மறந்துபோனேன். மறந்திருக்கக் கூடாது.

படித்தது இவ்வளவு, செய்ததெல்லாம் முட்டாள்தனம். முதல் நாலு மாசம் நான் செலவழித்த பணத்தில் ஊருக்கு ஒரு டிக்கெட் போட்டிருக்கலாம்.

மூலைக்கு மூலை சமையல் சோடா வைத்தேன். அது கிண்ணத்துக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. 'கார்பன்' என்று கொட்டை எழுத்தில் போட்ட ஒரு அங்குல ஃபில்டர் வாங்கி மாட்டினேன். ஃபில்டர் விஷயத்தில் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். டப்பாவில் மெர்வ் என்று ஓர் எண் போட்டிருக்கும். மெர்வ் 13 என்றால், 0.3 முதல் 1 மைக்ரான் வரையுள்ள துகள்களில் பாதியையாவது பிடிக்க வேண்டும். புகைத் துகளின் அளவும் ஏறக்குறைய அங்கேதான் வருகிறது, அதனால் அது உதவும். ஆனால் நாற்றம் என்பது துகள் மட்டுமில்லை, வாயு. வாயு எந்த மெர்வ் ஃபில்டரையும் கேட்டு நிற்காது. அதைப் பிடிக்கக் கரி வேண்டும். அந்த ஒரு அங்குல ஃபில்டரில் தூவியிருப்பது ஒரு கைப்பிடிக் கரி. எங்கள் தாத்தாவுக்கு அது ஒரு வாரம் தாங்கவில்லை. அது போக, மெல்லிய ஃபில்டரில் மெர்வ் 13 போட்டால் பழைய ப்ளோயருக்கு மூச்சு முட்டும், காற்று வரத்து குறையும். ஃபில்டர் இருக்கும் இடத்தை அகலப்படுத்தி நாலு அங்குலத் தடிமனில் போடுவதுதான் சரி. இது பிறகுதான் தெரிந்தது.

அடுத்து, 99 டாலருக்கு வீடு முழுக்க டக்ட், அதாவது காற்றுக்குழாய், சுத்தம் என்று ஒரு விளம்பரம். இரண்டு பையன்கள், கடையில் வாங்குகிற வேக்குவம் மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார்கள். தரைக் கிரில்லைத் தூக்கி, கை எட்டுகிற தூரத்துக்கு உறிஞ்சி, கடைசியில் ஏதோ எலுமிச்சை வாசனையைப் பீய்ச்சினார்கள். நாற்பது நிமிடம். 'உள்ளே பூஞ்சை இருக்கிறது, இன்னும் 600 டாலர் ஆகும்' என்றார்கள். போய்வாருங்கள் என்றேன். இரண்டு நாளைக்கு வீட்டில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு சிகரெட் பிடிப்பவரின் வாசனை வந்தது.

அப்புறம் ஓசோன். மச்சினன் எங்கிருந்தோ ஒரு இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துவந்தான். "மாமா, ஹோட்டல்காரங்க எல்லாம் இதான் போடறாங்க" என்றான். சனி ஞாயிறு நாங்கள் அவன் வீட்டுக்குப் போய்விட்டோம். இங்கே ஃபேனைத் தொடர்ந்து ஓடவிட்டு, இயந்திரத்தை ரிட்டர்ன் கிரில்லுக்குப் பக்கத்தில் வைத்தோம். திரும்பி வந்தபோது நாற்றம் நிஜமாகவே இல்லை. இடி மின்னலுக்குப் பிறகு வருமே, அந்தக் கூர்மையான வாசனை மட்டும். வெற்றி என்று நினைத்தோம். திங்கட்கிழமை காலை மனைவி துவரம்பருப்புப் பாக்கெட்டை எடுத்தாள். வாயில் சுற்றியிருந்த ரப்பர் பேண்ட் தொட்டதும் பட்டென்று அறுந்தது. அடுத்து உளுந்து. அடுத்து ரவை. இழுத்துச் சுற்றியிருந்த ஒவ்வொரு ரப்பர் பேண்டும் குறுக்கே வெடித்துக் கிடந்தது. ஓசோன் ரப்பரை அப்படித்தான் தின்னும். ரப்பர் பேண்டுக்கு இந்தக் கதி என்றால் பையனின் நுரையீரலுக்கு என்ன கதி! ஆள் இருக்கும்போது பாதுகாப்பான அளவில் ஓசோன் விட்டால் நாற்றத்தை எடுக்க அது போதாது, எடுக்கும் அளவுக்கு விட்டால் ஆள் இருக்க முடியாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வருஷக்கணக்காகச் சொல்லிவருவதும் இதைத்தான். மூன்றாவது வாரம் தாத்தா திரும்பிவிட்டார்.

பிப்ரவரியில் ஒரு பெரியவர் வந்தார். தகரக் குழாய் வேலையிலேயே ஆயுசைக் கழித்து ஓய்வுபெற்றவர். அக்கம்பக்கத்தில் யாரோ கைகாட்டினார்கள். உள்ளே வந்ததும் அவர் கிரில் எதையும் பார்க்கவில்லை. நேரே பேஸ்மென்ட்டுக்கு இறங்கி, ஃபர்னஸின் கரண்ட்டை அணைத்து, கீழ்க்கதவைக் கழற்றி, டார்ச்சை என் கையில் கொடுத்தார். "பார்" என்றார்.

ப்ளோயர் சக்கரம் என்பது அணில் கூண்டு மாதிரி இருக்கும். வட்டமாக நிற்கும் மெல்லிய தகர இதழ்கள், ஒவ்வொன்றும் உள்பக்கம் கொஞ்சம் குழிந்து. அந்தக் குழிவில்தான் காற்று அகப்பட்டு வீசப்படுகிறது. எங்கள் சக்கரத்தில் குழிவே இல்லை. ஒவ்வொரு இதழிலும் பழுப்பான ஒரு பசை, அதன்மேல் தூசி, அதன்மேல் மறுபடி பசை. அவர் ஸ்குரூ டிரைவர் முனையால் ஒன்றைச் சுரண்டினார். அது உதிரவில்லை, சுருண்டு வந்தது, பலாப்பழப் பால் மாதிரி. மூக்கருகே கொண்டுவந்தேன். தாத்தா இங்கேதான் குடியிருந்தார்.

சக்கரத்தைக் கழற்றி வெளியே எடுக்க அவருக்கு ஒரு மணி நேரம் ஆனது. அதைக் கழுவியது நான். பேஸ்மென்ட் தொட்டியில் வெந்நீர், எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கிற காரமான சோப்புக் கரைசல், ஒரு பழைய டூத் பிரஷ். ஒவ்வோர் இதழாகத் தேய்த்தேன். முதல் தண்ணீர் டிகாக்ஷன் நிறத்தில் போனது. ஏழாவது தண்ணீரில்தான் தகரம் தகரமாகத் தெரிந்தது. கடைசி அலசலுக்கு வினிகர். நிக்கோடின் காரத் தன்மை உள்ள பொருள், வினிகர் பட்டால் உப்பாகி நீரில் கரைந்து வரும். தாருக்குச் சோப்பு, நிக்கோடினுக்கு வினிகர். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் ஒன்றையொன்று தின்றுவிட்டு இரண்டுமே உபயோகமில்லாமல் போகும். இணையத்தில் பாதிப் பேர் அந்தக் கலவையைத்தான் சிபாரிசு செய்கிறார்கள்.

ஃபர்னஸுக்கு மேலே ஏசியின் 'காயில்', அதாவது காற்றைக் குளிர்விக்கும் சுருள், இருக்கிறது, கூடாரம் மாதிரி சாய்ந்த இரண்டு பலகைகள். அதன் அலுமினியச் செதில்கள் பேப்பர் மாதிரி, விரல் பட்டால் மடங்கும். அதைப் பெரியவரே நுரை போட்டு, பல்லுக்கிடையில் ஊதுகிற மாதிரி மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவினார். கீழே தண்ணீர் பிடிக்கும் தட்டில் மஞ்சள் படலம். ஃபர்னஸின் சூட்டுப் பெட்டியில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்த்தார். அங்கே விரிசல் விட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும். அது நன்றாக இருந்தது. இல்லையென்றால் புது ஃபர்னஸே போட்டிருப்போம், இந்தக் கட்டுரையும் சுருக்கமாக முடிந்திருக்கும்.

குழாய்களைச் சுத்தம் செய்ய முறையாகச் செய்கிற ஆட்களை அவரே சொன்னார். ஆனால் அதற்கு முன் ஓர் இணைப்பைக் காட்டி, தொடாதே என்றார். குழாய்கள் சேரும் இடத்தில் வெள்ளையாகத் துணிப்பட்டை மாதிரி ஒட்டியிருந்தது. வீடு கட்டியது 1976-இல். அந்தக் காலத்து வெள்ளைப் பட்டை, தூளாகி மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம், அதேதான். உரிமம் உள்ளவர்கள் வந்து அதை அசைக்காமல் மேலே பூசி மூடினார்கள். அந்த 99 டாலர் பையன்கள் சோம்பேறிகளாக இருந்ததற்கு அன்றைக்குக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

பிறகு வந்த ஆட்கள் ஒரு லாரியோடு வந்தார்கள். பிரதானக் குழாயில் ஓட்டை போட்டு, கையகலக் குழாயை மாட்டி, லாரியிலிருந்து உறிஞ்சினார்கள். வீட்டுக் குழாய் முழுவதும் உள்ளிழுக்கும் நிலையில் இருக்கும்போதுதான் ஒவ்வொரு கிரில் வழியாகவும் சுழலும் பிரஷை விட்டார்கள். உள்ளே கிளம்பும் தூசி அறைக்குள் வராமல் லாரிக்குப் போவதற்கு இதுதான் வழி. நாலரை மணி நேரம் ஆனது. நல்லவேளை, எங்கள் குழாய்கள் துத்தநாகம் பூசிய தகரம். கண்ணாடி நார்ப் பலகையால் செய்த குழாயாகவோ உள்ளே நார் ஒட்டிய குழாயாகவோ இருந்திருந்தால் அது பஞ்சு மாதிரி எல்லாவற்றையும் குடித்திருக்கும். கழுவ முடியாது, மாற்றத்தான் வேண்டும். அப்படிப்பட்ட குழாய்க்குள் மருந்து பூசித் தருகிறேன் என்று வருபவர்களை நான் நம்ப மாட்டேன்.

சுவர்களைப் பற்றி நிறையச் சொல்வதற்கில்லை. புதுப் பெயிண்ட்டுக்கு மேலேயே குளியலறைச் சுவரில் தேன் துளி மாதிரி பழுப்பு ஒழுகிக்கொண்டிருந்தது. கழுவாமல் அடித்திருக்கிறார்கள். முழு வீட்டையும், கூரை உட்பட, டிரைசோடியம் பாஸ்பேட் என்கிற கறை எடுக்கும் பொடியின் கரைசலில் கழுவினோம். கையுறை, கண்ணாடி, கழுத்துவலி. மார்ச் போயிற்று.

ஏப்ரலில் வீடு நன்றாகிவிட்டது. ஃபர்னஸ் ஓடினால் பையன் ஒன்றும் சொல்வதில்லை. மே மாசம் ஊரிலிருந்து அம்மா வந்தாள். ஜூனில் ஒருநாள் மழை பெய்து ஓய்ந்து, புழுங்கிக் கொட்டியது. அந்த வருஷத்தில் முதல்முறையாக ஏசியைப் போட்டேன். சோபாவில் சுண்டைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"ஏய்யா, இது என்ன வாடை?"

எனக்குத் தெரியவில்லை. மனைவிக்கும் தெரியவில்லை. அம்மா பிறந்தது முக்கூடல் பக்கம். அவள் தெருவில் வீட்டுக்கு வீடு மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். புகையிலை விஷயத்தில் அவள் மூக்கை ஏமாற்ற முடியாது. "பீடி இலை வாசமா?" என்றேன். "அது இலைல்லா, அது நல்லாயிருக்கும். இது சாம்பல்" என்றாள். எழுந்து, ஹாலைச் சுற்றி, மாடிப்படிக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த ரிட்டர்ன் கிரில் முன்னால் குனிந்து நின்றாள். "இந்த மூலையில ஆரோ இருந்துட்டு இப்பதான் எந்திச்சிப் போயிருக்காவ."

ஈரம்! ட்ரெக்ஸெல் ஆட்கள் எழுதியிருந்த ஈரம். காற்றில் ஈரப்பசை ஏறியதும் மரமும், சுவருக்கு அடிக்கிற ஜிப்சம் பலகையான ட்ரைவாலும் குடித்துவைத்ததைக் கக்குகின்றன.

பெரியவரை மறுபடி கூப்பிட்டேன். அந்தக் கிரில்லைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்ததும் எனக்குத் தலை சுற்றியது. அங்கே தகரக் குழாயே இல்லை. இந்த ஊரில் அந்தக் காலத்து வீடுகளில் இப்படித்தான் கட்டுவார்களாம்: காற்று அறைக்கு வருகிற பக்கம் ஒழுங்கான குழாய், காற்று திரும்பிப் போகிற பக்கம், சுவருக்குள் இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடமே குழாய். பேஸ்மென்ட் கூரையில் இரண்டு உத்தரங்களுக்குக் கீழே ஒரு தகரத்தை ஆணியடித்து மூடினால் அதுவும் குழாய். எதுவும் பூசாத வெறும் மரம். ட்ரைவாலின் முதுகு. லாரிக்காரர்கள் பிரஷ் விட்டபோது மரத்தின் மேலிருந்த தூசியைத்தான் எடுத்திருக்கிறார்கள், மரத்துக்குள் இருந்ததை அல்ல. புகை முதலில் போகிற இடம் ரிட்டர்ன் பக்கம். ஃபில்டருக்கும் முந்தின இடம். நான் ஆறு மாசமாகக் காற்று வருகிற ஓட்டைகளையே முகர்ந்துகொண்டிருந்தேன்.

அந்தச் சுவரை உடைத்தோம். ட்ரைவாலைப் பெயர்த்து எடுத்ததும் தெரிந்தது: காற்று போன பக்கத்தில் சட்டங்கள் கருங்காலி நிறம். அதே சட்டத்தின் மறுபக்கம், காற்று படாத பக்கம், நேற்று அறுத்த பைன் மரம் மாதிரி வெளிறி இருந்தது. ஒரே கட்டைக்கு இரண்டு வயது.

குப்பைத்தொட்டியில் ட்ரைவால் துண்டுகளைப் போடும்போது பக்கத்து வீட்டு அம்மாள் வேலியோரம் வந்தார். எண்பது வயது இருக்கும். எந்தச் சுவர் என்று கேட்டார். சொன்னேன். "அங்கேதான் அவன் நாற்காலி" என்றார். மனைவி இறந்த பிறகு அந்த மனிதர் தினமும் சாயங்காலம் ஒரு பாருக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவாராம். 2010 மே 1 முதல் மிஷிகனில் பார்களிலும் உணவகங்களிலும் புகைக்கத் தடை வந்தது. "அதற்கப்புறம் அவன் எங்கும் போகவில்லை. படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே இருப்பான். ஜன்னல் வழியாக டிவி வெளிச்சம் தெரியும்." அந்த இடத்தில் நாங்கள் பழைய கார்ப்பெட்டை எடுத்தபோது பலகையில் நாலு குழி இருந்தது ஞாபகம் வந்தது. ஏதோ பீரோ என்று நினைத்திருந்தேன்.

எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சல் அன்றோடு போய்விட்டது என்று சொல்ல முடியாது. கொஞ்சம் குறைந்தது.

மரத்துக்கு மருந்து அரக்குதான். லாக் பூச்சி கக்குகிற பிசினை ஆல்கஹாலில் கரைத்துச் செய்கிற பிரைமர். அரக்கில் இந்தியாவிலேயே ஜார்க்கண்டுக்குத்தான் முதல் இடம். சாதாரண நீர்ப் பெயிண்ட் புகைக்கறையைத் தடுக்காது, கறை அதில் கரைந்து மேலே வந்துவிடும், எங்கள் குளியலறையில் வந்ததுபோல. அரக்கு உள்ளே இருப்பதை உள்ளேயே பூட்டிவிடும். ஆனால் பூசும்போது கிளம்புவது ஆல்கஹால் ஆவி. ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டரின் குட்டிச் சுடர், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஜன்னல்களைத் திறந்து, முகத்துக்கு வடிகட்டி மாட்டிக்கொண்டுதான் பூசினேன். அரக்கு மாளிகை ஏன் அப்படிப் பற்றியிருக்கும் என்று அன்றைக்கு முழுசாகப் புரிந்தது. இரண்டு கோட். அதன்பின் அந்த வெற்றிடத்துக்குள் பெரியவர் நிஜமான தகரக் குழாயை மடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார். பேஸ்மென்ட் உத்தரங்களுக்கு நடுவிலும் அப்படியே. மூட்டுகளுக்கு மாஸ்டிக் என்கிற பசை பூசி அடைத்தார். அவர் வாங்கிய கூலி நான் ஓசோனுக்கும் மெழுகுவர்த்திக்கும் இன்ன பிறவற்றுக்கும் தண்டம் அழுததைவிடக் குறைவு.

கடைசியாக, ஹாலில் ஒரு காற்றுச் சுத்திகரிப்பான் வைத்தோம். ஆறு கிலோவுக்கு மேல் கரி உள்ள கனத்த டப்பா; தூக்கும்போது கனத்தால்தான் வாங்க வேண்டும், விளக்குகளைப் பார்த்து அல்ல. ஒரு வருஷம் ஓடியது. இப்போது பேஸ்மென்ட்டில் சும்மா கிடக்கிறது.

வேலை எல்லாம் முடிந்து, ஆகஸ்ட்டில் நல்ல புழுக்கமான ஒரு நாள் ஏசியைப் போட்டு, அம்மாவைக் கூப்பிட்டுக் கிரில் முன்னால் நிறுத்தினேன். குனிந்தாள். கண்ணை மூடினாள். ரொம்ப நேரம் நின்றாள்.

"தகர வாசம்தான் வருது" என்றாள். பிறகு, "பாவம், அந்த மனுஷன்" என்றாள்.

மூன்று வருஷம் ஆகிறது. ஃபில்டரை மூன்று மாசத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன்; மாட்டும்போது ஓரத்தில் மார்க்கரால் தேதி எழுதுவேன். கழற்றியதும் முகர்ந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. மனைவிக்கு அது சகிக்காது, "வேற வேலையே இல்லையா?" என்பாள். முதல் வருஷத்து ஃபில்டர்கள் டீத்தூள் நிறத்தில் வந்தன, முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. போன சனிக்கிழமை எடுத்தது வெறும் சாம்பல் நிறம். அதை முகர்ந்தேன். சந்தேகமாக இருந்ததால் பையனிடம் நீட்டினேன். அவன் ஒரு நொடி மூக்கை வைத்துவிட்டு, "தாளிச்ச வாசனை வருதுப்பா" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினான்.